பூசையில் வைத்த மீன்கள்

என் வீட்டில் மீன்தொட்டி வேண்டாம் என்று இருபத்தெட்டு வருடம் சொன்னவள் நான். சொன்னால் சொன்னதுதான். கனகேஸ்வரி கோபக்காரி என்று ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டில் எங்கள் மாடி முழுக்கத் தெரியும், லிஃப்ட் பழுதுபார்க்க வருகிற சீன மெக்கானிக்குக்கூடத் தெரியும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் இந்த விஷயத்தில் என் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் அம்பிகைபாகன் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு தங்கமீன் வாங்கி வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் தலைமுழுகிவிட்டு வந்து பார்த்தால் இரண்டும் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதக்கின்றன. அவர் அதற்குள் ஆபீசுக்குப் போய்விட்டார். எங்களுடையது மரக்கறிச் சாப்பாட்டு வீடு. மீன் என்ற பொருளை நான் கையால் தொட்டதே கிடையாது. தேக்கரண்டியால் அந்த இரண்டையும் அள்ளிப் பூச்செடி அடியில் புதைத்துவிட்டு மறுபடி தலைமுழுகினேன். அழுகை வேறு. போயும் போயும் மீனுக்கு அழுகிறோமே என்று எனக்கே ஆத்திரம். சாயங்காலம் அவர் வந்ததும், “இஞ்சாருங்கோ, சாகிற பொருள் எதையும் இனி இந்த வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க” என்று சொல்லிவிட்டேன். அழுததை மட்டும் சொல்லவில்லை. அவர் கிண்ணத்தைக் கழுவி அதில் பேனா, பென்சில் போட்டு வைத்தார்.

அதன் பிறகு அவர் கேட்டதில்லை. அவருக்காகக் கேட்டவர் அவருடைய சிநேகிதர் ஷேக் அலாவுதீன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் தொப்பிக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்கட்டில் பெரிய தொட்டி, அதில் டிஸ்கஸ் என்கிற மீன், தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். ஒவ்வொரு விஜயதசமிக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து வடையும் கடலையும் சாப்பிடுவார். சாப்பிட்டுக் கை கழுவியதும், “தங்கச்சி, இந்த வருஷமாச்சும் ஒரு தொட்டி கொண்டாரவா? கடையில சும்மாதான் கெடக்குது” என்பார். “இன்னும் ரெண்டு வடை தாறேன், அதைக் கொண்டு போங்க அண்ணே” என்பேன் நான். இருபது வருடமாக இதே பேச்சு, இதே சிரிப்பு.

தொண்ணூற்றைந்தில் என் வீட்டுக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்து ஓய்வு கொடுத்தார்கள். அரசாங்க ஆபீசில் முப்பத்து மூன்று வருடம் பதிவேட்டுக் கிளார்க் வேலை. ஓய்வு கிடைத்த முதல் மாதம் வீட்டிலுள்ள டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினார். அது முடிந்ததும் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டு கொடிமலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். காலையில் வந்த பேப்பர் மடித்தபடியே கிடக்கும். “என்ன யோசிக்கிறீங்க?” என்றால், “ஒண்டுமில்லை” என்பார். உண்மையிலேயே ஒன்றுமில்லை, அதுதான் பயம். அதைக் காட்டத் தெரியாமல், சும்மா இருக்கிற மனுசனுக்குத் தேங்காய் திருவத் தெரியாதா என்று கத்துவேன்.

எங்கள் ஒரே மகள் அருந்ததி கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். அவள் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் ஹாலில் பூ வேலை செய்த உறை போட்டு மூடியபடி கிடந்தது. விடுமுறைக்கு வந்தவள் இரண்டு நாள் அப்பாவைப் பார்த்தாள். மூன்றாம் நாள் பையிலிருந்து ஒரு டிஸ்கெட்டை எடுத்தாள்.

“அப்பா, இங்க வாங்க. அம்மா வேணாம்னு சொன்ன தொட்டி.”

திரை முழுக்க நீலத் தண்ணீர். அடியில் மணல், ஓரத்தில் இலைகள், நடுவில் இரண்டு டிஸ்கஸ் மீன், வால் ஆட்டிக்கொண்டு. குளுகுளு என்று குமிழிச் சத்தம் வேறு.

“பொம்மைதானே?” என்றேன்.

“பொம்மைதான், ஆனா வளரும்மா. தினமும் சாப்பாடு போடணும். கூடப் போட்டா தண்ணி கெட்டுப்போகும். கம்ப்யூட்டரை அடைச்சு வெச்சாலும் உள்ளுக்குள்ள கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும். மறுபடி திறந்தா எத்தனை நாள் பட்டினின்னு அதுக்குத் தெரியும். மூணு நாள் போடலேன்னா செத்துடும்.”

“அலாமாக்! இதிலயும் சாகுமா?” என்று கேட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அவ்வளவுதான், மனுசன் எழுந்துவிட்டார். காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு ஆபீசுக்குப் போகிற மாதிரியே கம்ப்யூட்டர் முன் உட்காருவார். ஆண் மீனுக்குப் பெரிய கிளார்க் என்றும் பெண் மீனுக்கு டைப்பிஸ்ட் என்றும் பெயர் வைத்தார். மூன்று மணிக்குக் கீழே காப்பிக்கடைக்குப் போய், என் காதில் விழாமல் அங்கிருந்து அலாவுதீனுக்குப் போன் போட்டு இரண்டின் செய்தியும் சொல்வார். இரவுச் சாப்பாட்டில் இன்னொரு இடியாப்பம் கேட்டார். “அந்தப் பொம்மை மீனோட குடும்பம் நடத்துங்க” என்று நான் திட்டுவேன். திட்டிக்கொண்டே கீரை ஆய்கிற தட்டைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்து உட்காருவேன். என்ன செய்வது, பெரிய கிளார்க் திரும்பிப் பார்க்கிற பார்வை அப்படி.

நவராத்திரி வந்தது. ஆறாம் நாள் சாயங்காலம் நான் கடலை ஊறப்போட்டுக்கொண்டிருக்கும்போது ஹாலிலிருந்து ஒரு சத்தம். “ஈஸ்வரி! ஓடியா! முட்டை!”

இந்த மனுசன் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு இலையின் மேல் கடுகு தூவியதுபோல் முட்டை. இரண்டு மீனும் காவல். அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

“அலாவுதீன், உன்னோடது நாலு தடவையும் முட்டையைத் தின்னுட்டுதே, என்னோடது பொரிக்கும் பாரு!”

“பொரிச்சா வந்து பாத்துட்டுச் சலாம் போடுறேன் லா” என்று அந்தப் பக்கம் அவர் சிரிப்பது எனக்கே கேட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். கண்ணெல்லாம் மினுமினு என்றிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் என் வாயிலிருந்து வந்தது: “நாளைக்குக் காலையில கம்ப்யூட்டரைப் பூசையில வைக்கணும்.”

எங்கள் வீட்டில் சரஸ்வதிக்கு மூன்று நாள். ஏழாம் நாள் காலை படிப்புச் சாமான் எல்லாவற்றையும் வைத்துப் பொட்டிட்டு மூடிவிட்டால், விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம். நடுவில் யாரும் தொடக் கூடாது. என் அப்பா வைத்த முறை. கம்ப்யூட்டர் வாங்கிய வருடத்திலிருந்து அதுவும் பூசையில்தான். இந்த வருடமோ அடுத்த மாதம் அருந்ததிக்குக் கடைசிப் பரீட்சை. அந்த வருடம் பார்த்தா வைக்காமல் விடுவது?

மகளுக்குப் போன் போட்டேன். அவள் சிரித்தாள்.

“பரீட்சை நான்தான்மா எழுதணும், அந்த மெஷின் இல்ல. ஆனா அப்பாக்கிட்ட சொல்லிடுங்க, முட்டை பொரிக்க நாலு நாள் ஆகும், பசி வந்தா ரெண்டாம் நாளே அதுங்க முட்டையைத் தின்னுடும்.”

அவரிடம் சொன்னேன். “சரி, உன்ர பூசை. நீ செய்” என்றார். எழுந்துபோய் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அந்த நாற்காலியில் அவர் மறுபடி உட்கார்ந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

இருந்தாலும் வைத்தேன். மறுநாள் காலை கம்ப்யூட்டரை அடைத்து, திரையின் மேல்மூலையில் சந்தனம் குங்குமம் இட்டு, வெள்ளைத் துணியால் மூடினேன். பெட்டியின் மேல் சரஸ்வதி படம், பக்கத்தில் அருந்ததியின் புத்தகங்கள், அவருடைய பேனாக்கள், ஒரு புதுக் கொப்பி, செம்பருத்திப் பூ. கற்பூரம் காட்டும்போது அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். மீனுக்குத்தான் கும்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு வழக்கம்போல் காப்பிக்கடைக்குப் போனார். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் நான் பூ கட்டுவதை நிறுத்தினேன். வீடு முழுக்க அந்த முட்டைதான். பாவம், பசித்த வயிற்றோடு இரண்டு ஜீவன் அந்தப் பெட்டிக்குள் இருட்டில் இருக்கிறது. பொம்மைதான். பொம்மை என்று தெரிந்தும் என் வயிறு காய்கிறதே, அதற்கு என்ன சொல்வது?

படத்துக்கு முன் போய் நின்றேன். “தாயே, படிப்புக்குத் தொடக் கூடாது என்றுதானே அப்பா சொன்னார்? நான் படிக்கப் போவதில்லை. பசித்த வாய்க்குச் சாப்பாடு போடப் போகிறேன். பிள்ளையின் பரீட்சையில் கை வைத்துவிடாதே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். படத்தையும் பூவையும் எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டுத் துணியைத் தூக்கினேன்.

நான் அதுவரைக்கும் அந்த மௌஸைத் தொட்டதில்லை. பார்த்துப் பார்த்துப் பழக்கம்தான். குமிழிச் சத்தம் வந்ததும் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று ஸ்பீக்கரை முந்தானையால் பொத்தினேன். பெரிய கிளார்க் குங்குமப் பொட்டுக்கு அடியில் வந்து நின்றுகொண்டு என்னையே பார்த்தான். சாப்பாட்டு டின் படத்தின் மேல் அம்பைக் கொண்டுபோய் அழுத்தினேன். ஒரு சிட்டிகை விழுந்தது. அவர் எப்போதும் ஒரு சிட்டிகைதான் போடுவார். பந்தியில் ஒரு கரண்டியோடு நிறுத்துகிற வழக்கம் எனக்குக் கிடையாது. மூன்று போட்டேன். இரண்டும் அள்ளி அள்ளித் தின்றன. எனக்கு மனம் குளிர்ந்தது. எல்லாவற்றையும் அடைத்து, துணி மூடி, படத்தையும் பூவையும் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு நவராத்திரிப் பூசைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். வந்து பார்த்தால் சரஸ்வதி படம் இரண்டு விரற்கடை இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. தாய்க்குக் கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவரிடம் கேட்கவா முடியும்? நூற்றெட்டுத் தடவை மந்திரம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

அப்படிப் பயந்தவள் மறுநாள் போடாமல் இருந்திருக்க வேண்டும். இருந்தேனா? எட்டாம் நாளும் மூன்று சிட்டிகை. தண்ணீர் கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தது. சந்தனம் வழிந்து கண்ணாடி அழுக்காகிவிட்டது என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன். துடைத்த பிறகும் பச்சைதான். கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று என் மூக்குக்கண்ணாடியைத் திட்டினேன். ஒன்பதாம் நாள் பெரிய கிளார்க் அவ்வளவாகச் சாப்பிடவில்லை. நாளைக்குப் பிள்ளை பொரிக்கப்போகிறது, அப்பன்காரனுக்குக் கவலையாக்கும் என்று தேற்றிக்கொண்டேன். சாப்பிடாதவனுக்கு இன்னொரு சிட்டிகை கூடப் போட்டேன்.

இந்த மூன்று நாளும் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஆனால் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. கோயிலிலிருந்து நான் வந்தால், “அதுக்குள்ள வந்திட்டியா?” என்று கேட்பார். நான் என்ன கண்டேன்?

விஜயதசமி காலை. இரண்டு பேரும் குளித்துப் புதுசு உடுத்தி, விளக்கேற்றி, துணியை எடுத்தோம். அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். நான் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

திரை முழுக்கப் பயறு ஊறவைத்த தண்ணீர் நிறம். அடியில் மணலே தெரியவில்லை, தின்னாத சாப்பாடு மேடு கட்டியிருந்தது. பெரிய கிளார்க் மேலே, வயிற்றைக் காட்டிக்கொண்டு. டைப்பிஸ்ட் இலைக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். அவள் விலாவில் புள்ளி புள்ளியாய் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. புள்ளிகள் அசைந்தன. ஏழு குஞ்சு.

நாங்கள் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றோம். திரை ஓரத்தில் ஒரு சின்னப் புத்தகப் படம் உண்டு. அதை அழுத்தினால் எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை சிட்டிகை விழுந்தது என்று வரிசையாக வரும். அவர் அதைத் திறந்தார். எனக்கு அந்த இங்கிலீஷ் எழுத்து அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. முப்பத்து மூன்று வருடம் பதிவேடு பார்த்தவர், மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். மூடினார்.

“என்ர பிழைதான், ஈஸ்வரி” என்றார். “நீ கோயிலுக்குப் போன நேரம் துணியைத் தூக்கிச் சாப்பாடு போட்டிட்டேன். மூணு நாளும். படிக்கத்தானே கூடாது, சாப்பாடு போடலாம்தானேன்னு எனக்கு நானே ஒரு நியாயம் வெச்சுக்கிட்டேன். உன்ர பூசையைக் கெடுத்திட்டேன். தின்னக் குடுத்தே இவனைக் கொன்னுட்டேன்.”

படம் நகர்ந்தது அதனாலா! எனக்கு வாய்வரைக்கும் திட்டு வந்துவிட்டது. முறை தவறினீர்களே, பிள்ளையின் பரீட்சை வருடத்திலா என்று கேட்கலாம். கேட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும். இந்த வீட்டில் இருபத்தெட்டு வருடமாகப் பிழை எல்லாம் அவருடையதுதான், அவரும் பழகிவிட்டார், நானும் பழகிவிட்டேன். வாயைத் திறந்தேன். பெரிய கிளார்க்கின் வெள்ளை வயிறு கண்ணில் பட்டது.

“நானும் போட்டேன்” என்றேன். “மத்தியானத்தில. மூணு மூணு சிட்டிகை.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“எழுதியிருக்கு. மூணு இருபது, மூணு பதினஞ்சு, மூணு முப்பது. அந்த நேரம் நான் காப்பிக்கடையில. நேத்து நாலு சிட்டிகை.”

“தெரிஞ்சுக்கிட்டே ஏன் உங்க பிழைன்னு மட்டும் சொன்னீங்க?”

“என்ர பாதியைத்தானே நான் சொல்லலாம்” என்றார்.

எனக்குப் பொசுக்கென்று அழுகை வந்துவிட்டது. கற்பூரத் தட்டை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கிண்ணத்துத் தங்கமீனை, தேக்கரண்டியை, பூச்செடியை எல்லாம் சொன்னேன். அன்றைக்கும் அழுதேன் என்று சொன்னேன்.

“எனக்குத் தெரியாதே, ஈஸ்வரி. நீ அசிங்கப்பட்டுத்தான் வேணாம்னு சொன்னியாக்கும்னு நினைச்சேன்.”

“அசிங்கமா? பாவமா இருந்துச்சு. நீங்க ஆபீசுக்குப் போயிட்டீங்க, நான் தனியா அள்ளிப் போட்டேன்” என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இப்ப இதுக்குத் துடக்கு, தீட்டு எல்லாம் உண்டா? பூசை நாளில வீட்டுக்குள்ள சாவு” என்று கேட்டேன். உண்மையான சந்தேகம்தான். அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. ஒரு வருடமாக நான் கேட்காத சிரிப்பு.

பத்து மணிக்கு அலாவுதீன் வந்தார். செருப்பைக் கழற்றாத குறையாகத் திரைக்கு முன்னால் குனிந்தார். அதற்குள் நாங்கள் தண்ணீர் மாற்றுகிற படத்தை அழுத்தி, நீலம் கொஞ்சம் திரும்பியிருந்தது. விரலை நீட்டி எண்ணினார்.

“ஏழு! மாஷா அல்லாஹ். ஆம்பளை எங்கேடா?”

“கொஞ்சம் அதிகமாச் சாப்பிட்டுட்டான்” என்றார் என் வீட்டுக்காரர், என்னைப் பார்க்காமல்.

சொன்னபடி சலாம் போட்டுவிட்டு அலாவுதீன் ஐந்து வடை சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்தார். வழக்கம்போல் பாதிச் சிரிப்போடு, “தங்கச்சி, இந்த வருஷமாச்சும் ஒரு தொட்டி கொண்டாரவா?” என்றார்.

“கொண்டு வாங்க அண்ணே” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, “வடை போதும் தங்கச்சி” என்றார். இருபது வருடப் பழக்கம், என்ன சொன்னேன் என்பது அவர் காதில் ஏறவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கேட்டுவிட்டது. அவர் வாய்க்குக் கொண்டுபோன வடை பாதி வழியில் நின்றது.

“செத்தா?” என்றார் மெதுவாக. “செத்தா என்ன செய்வே?”

“நான் எடுக்க மாட்டேன். நீங்கதான் எடுக்கணும்.”

“நான்தான் எடுப்பேன்” என்றார். “இப்ப எப்பவும் வீட்டிலதானே இருக்கேன்.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துக்கம் இல்லை. அந்த ஜன்னல் பக்கத்து நாற்காலியை நான் அன்றைக்கே நகர்த்திவிட்டேன், தொட்டி வைக்க அதுதான் சரியான இடம்.

சாயங்காலம் அலாவுதீன் வேனில் தொட்டியோடு வந்தார். கடைத் தொட்டித் தண்ணீரையே வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றி, மூன்று சின்ன டிஸ்கஸை விட்டார். “ஒரு சிட்டிகைக்கு மேல போடக் கூடாது, சொல்லிட்டேன்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் எதையோ சொல்லியிருக்கிறார், பார்த்துக்கொள்கிறேன்.

விஜயதசமி அன்று பூசையில் வைத்த கொப்பியில் ஏதாவது எழுதித் தொடங்க வேண்டும். வருடா வருடம் அவர் பிள்ளையார் சுழி போட்டு ஓம் என்று எழுதி மூடி வைத்துவிடுவார். இந்த வருடம் சுழிக்குக் கீழே அடிமட்டம் வைத்து மூன்று கோடு கிழித்தார். மேலே நாள், நேரம், யார் போட்டது என்று அழகாக எழுதினார். கொப்பியைத் தொட்டிக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். சாப்பாட்டு டின்னையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

முதல் வரியில் என் பெயரைத்தான் எழுதினேன். ஒரு சிட்டிகைதான் போட்டேன், சத்தியமாக.